பள்ளியில் ஒரு பாடவேளைப் பேச்சு: ஆர்.ஏ.எஃப்-இல் (பிரிட்டனின் விமானப்படையில்) பறந்த செக்கோஸ்லோவாக் விமானிகள் – 45 நிமிடத்தில் எதைச் சொல்ல, எதை விட?

கேட்டவர்: ப்ர்னோ ஆசிரியை

வணக்கம் நண்பர்களே. செக் நாட்டின் ப்ர்னோ நகரில் ஆங்கில வழிப் பள்ளி ஒன்றில் 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு, இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டுப் படைகளில் பறந்த செக் விமானிகளைப் பற்றி ஒரு பாடவேளை பேச வேண்டும். 45 நிமிடம்தான். வகுப்பில் 24 பேர். பாதிப் பேர் செக் பிள்ளைகள், மற்றவர்கள் பல நாட்டவர்; இந்தியப் பிள்ளைகளும் உண்டு. ப்ரொஜெக்டர் இருக்கிறது.

நான் போட்டு வைத்திருக்கும் வரிசை இது: பிரிட்டன் சண்டை 1940 (ஜெர்மன் விமானப்படையோடு பிரிட்டன் வானில் நடந்த போர்), ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் படம், "87 செக் விமானிகள்" என்று ஒரு ஸ்லைடு, நான்கு ஸ்குவாட்ரன்களின் (விமானப்படைப் பிரிவுகளின்) அறிமுகம், விமானி யோசெஃப் ஃப்ரான்ட்டிஷெக், 1945-இல் நாடு திரும்பியது. இதில் எது தவறு, எது குறை? பிள்ளைகள் என்ன கேட்பார்கள்? பெயர்களைச் சரியாக உச்சரிப்பதிலும் உதவி வேண்டும்.

பதில் 1 – வான்தடம்

வணக்கம் டீச்சர். முதலில் ஒன்று: 1940-இல் தொடங்காதீர்கள். அங்கே தொடங்கினால், "இவர்கள் ஏன் சொந்த நாட்டில் சண்டை போடாமல் இங்கிலாந்துக்குப் போனார்கள்?" என்று முதல் பத்து நிமிடத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள். அதற்கு விடை சொல்லப் பின்னால் போனால் உங்கள் நேரம் குலைந்துவிடும்.

1939 மார்ச் 15-இல் தொடங்குங்கள். முந்தைய ஆண்டு செப்டம்பரில் மியூனிக் ஒப்பந்தத்தில் எல்லைப் பகுதிகள் ஜெர்மனிக்குப் போயின. கோட்டை அரண்கள் இருந்ததே அங்கேதான். மார்ச் 14-இல் ஸ்லோவாகியா தனிநாடு என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் ஜெர்மன் படை ப்ராகுக்குள் வந்துவிட்டது. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை, விமானப்படை கலைக்கப்பட்டு, விமானங்கள் ஜெர்மானியர் கைக்குப் போயின. பயிற்சி பெற்ற விமானிகள் ஒரே இரவில் வேலையற்றவர்கள் ஆனார்கள். அவர்கள் போகக்கூடிய ஒரே வாசல் போலந்து. ஆஸ்ட்ராவா பக்கம் எல்லை தாண்டி, க்ரக்கோவ் நகரின் செக்கோஸ்லோவாக் துணைத் தூதரகத்தில் பெயர் பதிந்து, க்டீனியா துறைமுகத்தில் கப்பல் ஏறி பிரான்சுக்குப் போனார்கள்.

பிள்ளைகள் புரிந்துகொள்ளத் திணறும் இடம் அடுத்தது. பிரான்சில் இறங்கியவர்களை விமானப்படையில் சேர்க்கவில்லை. 1939 கோடையில் பிரான்ஸ் யாருடனும் போரில் இல்லை. அமைதிக்காலத்தில் வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தந்த ஒரே படை, பிரெஞ்சு அந்நியர் படை. அதற்கு ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆகவே போர் விமானிகள் அல்ஜீரியாவின் சீதி பெல் அபேஸ் முகாமில் காலாட்படைப் பயிற்சி எடுத்தார்கள். போர் வந்தால் விமானப்படைக்கு விடுவிப்போம் என்று சொல்லியிருந்தார்கள்; 1939 செப்டம்பர் 3-க்குப் பிறகு அது நடந்தது. இதைக் காரணத்தோடு சொன்னால் மாணவர் மனத்தில் நிற்கும். காரணத்தை விட்டுவிட்டு "அந்நியர் படையில் சேர்ந்தார்கள்" என்று மட்டும் சொன்னால், சாகசத்துக்குப் போனவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போலந்து வீழ்ந்த பிறகு கிளம்பியவர்களுக்கு வழி வேறு: ஸ்லோவாகியா, ஹங்கேரி, யூகோஸ்லாவியா வழியாகத் தெற்கே இறங்கி, பெய்ரூட் போய், அங்கிருந்து மார்செய்க்குக் கப்பல். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதற்கு ஒரு முகம் காட்டலாம்: எமில் போச்செக். 1923 பிப்ரவரி 25-இல் ப்ர்னோவின் துர்ஷானியில் பிறந்தவர். இன்று உங்கள் விமான நிலையம் இருக்கும் அதே துர்ஷானிதான். 16 வயதில் இந்த பால்கன் வழியாகக் கிளம்பினார். பிரிட்டனில் முதலில் மெக்கானிக் வேலை, பிறகு கனடாவில் விமானப் பயிற்சி, 1944-இல் 310-ஆவது ஸ்குவாட்ரனில் ஸ்பிட்ஃபயர் விமானி. 2023 மார்ச் 25-இல், 100 வயதில் காலமானார். உங்கள் மாணவர்களைவிட ஓரிரு வயதே மூத்தவராகக் கிளம்பியவர் என்பதால், பேச்சை அவரைக் கொண்டே தொடங்கலாம்.

நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த வழித்தடப் பகுதிக்கு 10 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஊர்ப்பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனால் அரை மணி நேரத்தை விழுங்கிவிடும். சுவரில் ஐரோப்பா வரைபடம், இரண்டு நிறக் கயிறு போதும். போலந்து வழிக்கு ஒன்று, பால்கன் வழிக்கு ஒன்று. இரண்டும் பிரான்சில் சந்திக்க, அங்கிருந்து ஒரே கயிறாக 1940 ஜூனில் போர்தோ, போர் வாந்த்ரு துறைமுகங்கள் வழியாக பிரிட்டனுக்கு.

பதில் 2 – ஏடுபார்ப்பவன்

வான்தடம் சொன்ன தொடக்கம் சரி. நான் உங்கள் ஸ்லைடுகளுக்கு வருகிறேன்.

ஸ்பிட்ஃபயர் படத்தை 1940-இலிருந்து எடுத்துவிடுங்கள். பிரிட்டன் சண்டையில் 310, 312 ஆகிய இரு செக்கோஸ்லோவாக் போர் ஸ்குவாட்ரன்களும் ஓட்டியது ஹரிக்கேன் என்ற வேறொரு போர் விமானம். ஸ்பிட்ஃபயர் அவர்களுக்கு 1941-இன் பிற்பகுதியில்தான் வந்தது. இணையத்தில் கிடைக்கும் அழகான படங்களெல்லாம் ஸ்பிட்ஃபயராக இருப்பதால் இந்தப் பிழை ஓயாமல் நடக்கிறது. படத்தில் விமானத்தின் பக்கவாட்டுக் குறியீட்டைப் பாருங்கள்: என்.என். என்றால் 310, கே.எக்ஸ். என்றால் 311, டி.யு. என்றால் 312, ஆர்.ஒய். என்றால் 313. இந்த நான்கும் இல்லாத படம் வேறு யாருடைய விமானமாகவும் இருக்கலாம்.

"87 செக் விமானிகள்" என்பதில் இரண்டு சிக்கல். ஒன்று, எண். நூலுக்கு நூல் 87, 88, 89 என்று மாறும். 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை, தகுதி பெற்ற ஸ்குவாட்ரன் ஒன்றில் ஒரு முறையாவது போர்ப் பறப்பு செய்தவரே கணக்கில் வருவார். யாரை எந்த நாட்டவராக எண்ணுவது என்பதில் ஓரிருவர் கூடக் குறைய வரும். "ஏறத்தாழ 88" என்று போட்டு, பக்கத்திலேயே தேதி வரம்பையும் எழுதுங்கள். போர் முழுவதும் ஆர்.ஏ.எஃப்-இல் இருந்த செக்கோஸ்லோவாக்கியர் ஏறத்தாழ 2,500 பேர். இதில் தரைப் பணியாளரும் அடக்கம். இரண்டு எண்களையும் ஒரே ஸ்லைடில் போட்டால் குழம்பும்.

இரண்டாவது, "செக்" என்ற சொல். தோள்பட்டையில் இருந்த பட்டை "செக்கோஸ்லோவாக்கியா". யான் அம்ப்ருஷ் ஸ்லோவாக். 312-க்குத் தலைமை தாங்கியவர். ஓட்டோ ஸ்மிக் ஜார்ஜியாவின் போர்ஜோமியில் பிறந்தவர், தந்தை ஸ்லோவாக், தாய் ரஷ்யர். 127-ஆவது ஸ்குவாட்ரனின் தலைவராக இருந்தபோது 1944 நவம்பர் 28-இல் நெதர்லாந்தில் வீழ்ந்தார். வகுப்பில் ஸ்லோவாக் பிள்ளை ஒருவர் இருந்தாலே இந்தச் சொல் உறுத்தும். தலைப்பிலேயே திருத்திவிடுங்கள்.

நான்கு ஸ்குவாட்ரன்களைத் தேதியோடு அடுக்கினால் யாருக்கும் நினைவில் நிற்காது. குறிப்புக்காக மட்டும் தருகிறேன்: 310 டக்ஸ்ஃபோர்டில் 1940 ஜூலை 10, 311 ஹானிங்டனில் ஜூலை 29, இது வெலிங்டன் குண்டுவீச்சுப் பிரிவு, 312 டக்ஸ்ஃபோர்டில் ஆகஸ்ட் 29, 313 கேட்டரிக்கில் 1941 மே 10. பிள்ளைகளுக்கு இலச்சினை வாசகங்களைக் கொடுங்கள், அவை நிற்கும். 311-இன் வாசகம் "எதிரியின் எண்ணிக்கையைப் பார்க்காதே" என்ற பொருள் தருவது. 313-இன் வாசகம் "ஒரே பருந்து பல காக்கைகளை விரட்டும்".

311-ஐத் தயவுசெய்து ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள். மற்ற மூன்றையும்விட அதிகம் பேரை இழந்தது அதுதான். போர் விமானி தனியாக விழுவார். வெலிங்டன் விழுந்தால் ஆறு பேர். 1941 டிசம்பர் 28 இரவு, வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் தாக்குதலில் அடிபட்ட அலோய்ஸ் ஷிஷ்காவின் வெலிங்டன் வட கடலில் இறங்கியது. பின்புறத் துப்பாக்கி வீரர் விமானத்தோடு மூழ்கினார். ஐந்து பேர் ரப்பர் படகில் ஏறினார்கள். குளிர்காலக் கடலில் ஆறு நாள். இருவர் படகிலேயே இறந்தனர். மூவர் நெதர்லாந்துக் கரையில் ஒதுங்கிச் சிறைப்பட்டார்கள். ஷிஷ்காவின் கால்கள் உறைந்து கெட்டன. போருக்குப் பிறகு ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் மருத்துவர் மக்கிண்டோ அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். இந்த ஒரு நிகழ்வைச் சொன்னால் 311 என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

1942 ஏப்ரலில் 311, ஆர்.ஏ.எஃப்-இன் கடலோரக் கட்டளைக்கு (கோஸ்டல் கமாண்ட்) மாற்றப்பட்டது. பிறகு லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. 1943 டிசம்பர் 27-இல் ஓல்ட்ர்ஷிஹ் டோலெஷல் ஓட்டிய லிபரேட்டர், முற்றுகையைத் தாண்டி வந்த 'அல்ஸ்டர்ஊஃபர்' என்ற ஜெர்மன் கப்பலை பிஸ்கே விரிகுடாவில் மூழ்கடித்தது. இந்தப் பெயரைக் குறித்து வையுங்கள், 1950-இல் மறுபடி வரும்.

ஃப்ரான்ட்டிஷெக் பற்றி: 1940 செப்டம்பர் ஒரே மாதத்தில் 17 வெற்றிகள். அக்டோபர் 8-இல் சர்ரேயின் யூவெல் அருகே விமானம் விழுந்து இறந்தார். 26 வயது முடிந்த மறுநாள். ஆனால் அவர் பறந்தது போலந்தின் 303-ஆவது ஸ்குவாட்ரனில், செக்கோஸ்லோவாக் பிரிவில் அல்ல. போலந்துக்காக 1939-இலேயே பறந்தவர், அவர்களோடேயே இருந்துவிட்டார். போலந்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால் "அவர் எங்கள் ஆள்" என்பார். இருவரும் உரிமை கொண்டாடலாம் என்று சொல்லிவிடுங்கள்.

பதில் 3 – கயிறும் சாக்பீசும்

சொல்வது எல்லாம் சரி, 14 வயதுப் பிள்ளை 45 நிமிடம் ஸ்லைடு பார்த்துக்கொண்டிருக்காது. மூன்று காரியங்களைக் கையால் செய்யுங்கள்.

ஒன்று: ஹரிக்கேனின் சிறகுநீளம் 12.2 மீட்டர். வகுப்பறையில் இடம் போதாது. தாழ்வாரத்தில் ஒட்டுநாடா போடுங்கள். பக்கத்திலேயே வெலிங்டனின் 26 மீட்டரைக் காட்ட முயலாதீர்கள், தாழ்வாரம் தாங்காது. அதைத் திடலில் காலடியால் அளக்கலாம், நேரம் இருந்தால்.

இரண்டு: ஹரிக்கேனில் எட்டு பிரவுனிங் துப்பாக்கிகள், துப்பாக்கிக்கு முந்நூற்றுச் சொச்சம் ரவை, நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுடும் வேகம். கணக்கை மாணவர்களையே போட விடுங்கள். 15 வினாடிக்குச் சற்றே கூடுதலாக வரும். பிறகு நிறுத்துகடிகாரத்தை வைத்து 15 வினாடி வகுப்பு மௌனமாக இருக்கட்டும். ஒரு பறப்பில் ஒரு விமானியிடம் இருந்த மொத்தச் சுடுநேரம் அவ்வளவுதான்.

மூன்று: த்ராட்டில். பிரெஞ்சு விமானங்களில் விசை கூட்டக் கைப்பிடியைப் பின்னால் இழுக்க வேண்டும். பிரிட்டிஷ் விமானங்களில் முன்னால் தள்ள வேண்டும். பிரான்சில் பறந்து பழகியவர் சில வாரங்களில் ஹரிக்கேனில் உட்கார்ந்தார். வேகம் கிலோமீட்டரிலிருந்து மைலுக்கும், உயரம் மீட்டரிலிருந்து அடிக்கும் மாறியது. சொந்த நாட்டில் அவர்கள் ஓட்டிய அவியா பி-534 இருதளச் சிறகு விமானத்தில் சக்கரம் மடங்காது. ஹரிக்கேனில் இறங்குமுன் சக்கரத்தை இறக்க மறக்கக்கூடாது. இதோடு ஆங்கிலத்தில் ரேடியோக் கட்டளை வேறு. ஓர் அளவுகோலை த்ராட்டிலாகக் கொடுத்து, "வேகம்" என்று கூவியதும் ஒரு மாணவரைப் பின்னால் இழுக்கச் சொல்லுங்கள். நான்கு முறை பழகியபின் திடீரென விதியை மாற்றுங்கள். கை பழைய பக்கமே போகும். ஆயிரம் மணி நேரம் பறந்தவர்களையும் ஏன் மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள் என்று தனியாக விளக்கவே வேண்டாம்.

இந்தியப் பிள்ளைகளுக்காக ஒரு செய்தி: ஃப்ரான்ட்டிஷெக் ஃபைட்ல் 1942-இல் தலைமை ஏற்ற ஆர்.ஏ.எஃப் பிரிவின் பெயர் 122 (பம்பாய்) ஸ்குவாட்ரன். பம்பாயிலிருந்து வந்த நிதியால் அந்தப் பெயர். பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் செக்கோஸ்லோவாக்கியர் அவரே. அதே ஆண்டு மே 5-இல் வட பிரான்சின் மேல் சுடப்பட்டு, ஸ்பெயின் எல்லை வரை போய்த் தப்பினார். 1944-இல் சோவியத் பக்கம் போய், லா-5 விமானங்களோடு, ஜெர்மானியருக்கு எதிரான ஸ்லோவாக் எழுச்சிக்கு உதவ ஸோல்னா தளத்தில் இறங்கிய படைப்பிரிவுக்கும் அவரே தலைவர். மேற்கு, கிழக்கு இரண்டையும் ஒரே ஆளைக் கொண்டு சொல்லிவிடலாம்.

உச்சரிப்பு. தமிழர்களுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு: செக்கிலும் குறில், நெடில் உண்டு. எழுத்தின் மேல் சாய்ந்த கோடு இருந்தால் நெடில். நாம் வழுக்கும் இடம் வேறு: நெடில் வரும் அசையில் அழுத்தம் கொடுத்துவிடுவோம். செக்கில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில். வஷாட்கோ என்ற பெயரில் 'வ'-வில் அழுத்தம், 'ஷா' நீளம் மட்டும். 'ஜே' எழுத்து 'ய' ஆகும்: யோசெஃப், யனோஉஷெக். 'சி' எழுத்துத் தனியே வந்தால் 'ட்ஸ்'. மேலே கொக்கி போட்ட 'ஆர்', ரகரத்தையும் ஷகரம் போன்ற உரசலையும் ஒரே மூச்சில் சொல்வது: பெர்ஷினா, துர்ஷானி. அது வராவிட்டால் கவலை வேண்டாம், செக் குழந்தைகளும் கடைசியாகக் கற்கும் ஒலி அது. பேச்சுக்கு முந்தைய நாள் ஒரு செக் மாணவரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்லைடுகளை பி.டி.எஃப் ஆக மாற்றி எடுத்துப் போங்கள். எழுத்துரு மாறிப்போனால், கொக்கி போட்ட எழுத்துகள் வேறு உருவில் துருத்திக்கொண்டு நிற்கும், அல்லது கட்டமாகும். இறந்தவர்களின் பெயர் அப்படிச் சிதைந்து திரையில் தெரிவது நன்றாக இருக்காது.

ப்ர்னோ ஆசிரியை

எல்லோருக்கும் மிக்க நன்றி. தலைப்பை மாற்றிவிட்டேன், ஸ்பிட்ஃபயரை 1941-க்குப் பிறகு நகர்த்திவிட்டேன். இரண்டு கேள்விகள். சிறைப்பட்டவர்களை ஜெர்மானியர் போர்க்கைதிகளாக நடத்தினார்களா, துரோகிகளாகவா? 1945-இல் முடித்துக்கொள்ளலாமா, 1948-க்குப் பிறகு நடந்ததையும் இந்த வயதுப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா?

பதில் 4 – வான்தடம்

முதல் கேள்விக்கு: இரண்டும் நடந்தது. சீருடையும் ஆர்.ஏ.எஃப் எண்ணும் இருந்ததால் பெரும்பாலோர் போர்க்கைதி முகாம்களில்தான் வைக்கப்பட்டார்கள். ஆனால் ஜெர்மனியின் பார்வையில் புரொடெக்டரேட்டில் (ஜெர்மனி ஆக்கிரமித்த செக் பகுதியில்) பிறந்தவர் ரைஹின், அதாவது ஜெர்மன் அரசின், ஆளுகைக்குக் கீழ்ப்பட்டவர். ஆகவே தேசத்துரோகம் என்ற கத்தி தலைக்குமேல் எப்போதும் தொங்கியது. ஷிஷ்கா உட்பட சிலரை ப்ராகுக்குக் கொண்டுபோய் ஜெர்மன் ரகசியப் போலீசான கெஸ்டாபோ விசாரித்தது. மரண தண்டனை என்று மிரட்டியது. 1944 மார்ச் 24 இரவு ஸாகன் போர்க்கைதி முகாமிலிருந்து சுரங்கம் வழியே தப்பிய 76 பேரில் மூவர் செக்கோஸ்லோவாக்கியர்: ஆர்னோஷ்ட் வாலென்டா, பெட்ர்ஷிஹ் த்வோர்ஷாக், இவோ டோன்டர். பிடிபட்டுச் சுடப்பட்ட 50 பேரில் வாலென்டா ஒருவர். மற்ற இருவர் உயிர் பிழைத்தார்கள்.

குடும்பங்களையும் சொல்லுங்கள். சிலர் வேறு பெயரில் பறந்ததற்குக் காரணமே வீட்டில் இருந்தவர்களைப் பற்றிய பயம்தான். 1942 செப்டம்பரிலிருந்து, வெளிநாடு போனவர்களின் பெற்றோர், மனைவி, உடன்பிறந்தோர் ஸ்வட்டோபோர்ஷிட்ஸே முகாமில் அடைக்கப்பட்டார்கள். உங்கள் ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், கியோவ் நகருக்குப் பக்கம். பாதிப் பிள்ளைகள் அந்த ஊர்ப்பெயரைக் கடந்து போயிருப்பார்கள்.

இரண்டாவதற்கு: கட்டாயம் சொல்லுங்கள், குறைந்தது பத்து நிமிடம். 1945 ஆகஸ்ட் 13-இல் ஸ்பிட்ஃபயர்கள் ப்ராகின் ருஸினே தளத்தில் இறங்கிய காட்சியோடு முடித்தால் கதை பொய்யாகிவிடும். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும், மேற்கில் பறந்தது ஒரு குற்றச்சாட்டானது. படையிலிருந்து நீக்கினார்கள், பதவியைப் பறித்தார்கள், பலரைச் சிறையில் அடைத்தார்கள். ஆர்.ஏ.எஃப்-இல் ஏர் மார்ஷல் வரை உயர்ந்த கரெல் யனோஉஷெக் 1948-இல் கைதாகி 1960-இல்தான் வெளியே வந்தார். பம்பாய் ஸ்குவாட்ரனின் ஃபைட்ல், சோவியத் பக்கமும் சண்டையிட்டவர், விசாரணையே இன்றி மீரோவ் சிறையில் இருந்தார். மேற்கில் பறந்ததால் மட்டுமே சந்தேகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும்: "எல்லோரும் சிறை போனார்கள்" என்று சொல்லாதீர்கள். சிறை போனவர்கள் உண்டு, தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் கூலி வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள் உண்டு, மறுபடி எல்லை தாண்டியவர்கள் உண்டு. ஃப்ரான்ட்டிஷெக் பெர்ஷினா 1949-இல் ஒரு சிறு விமானத்தில் தப்பினார். 1950 மார்ச் 24-இல் மூன்று டகோட்டா பயணிகள் விமானங்கள் ப்ராகில் இறங்காமல் மியூனிக் அருகே எர்டிங்கில் இறங்கின. அதைத் திட்டமிட்டவர்கள் முன்னாள் ஆர்.ஏ.எஃப் ஆட்கள், விமானிகளில் ஒருவர், ஏடுபார்ப்பவன் குறித்து வைக்கச் சொன்ன அதே டோலெஷல். அந்த விமானங்களில் ஒன்று உங்கள் ப்ர்னோவிலிருந்து கிளம்பியது. உயிரோடிருந்தவர்களுக்குப் பதவியும் மரியாதையும் முழுமையாக 1989-க்குப் பிறகே திரும்பக் கிடைத்தன.

வகுப்பில் சில பிள்ளைகளின் கொள்ளுத்தாத்தா இந்தப் பட்டியலில் இருக்கலாம். அவர்களைச் சிறைக்கு அனுப்பிய பக்கத்திலும் இருந்திருக்கலாம். ஆகவே "உங்கள் வீட்டில் யாராவது இருந்தார்களா?" என்று பொதுவில் கேட்காதீர்கள். சொல்ல விரும்பும் பிள்ளை பாடம் முடிந்து தானே வந்து சொல்லும். அதற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே முடித்து, அறையிலேயே இருங்கள்.

பதில் 5 – ஏடுபார்ப்பவன்

ஒரு சேர்க்கை மட்டும். பாடத்துக்குப் பிறகு மாணவர் யாராவது தம் ஊர் விமானியைத் தேட விரும்பினால்: ஊர் நினைவுப் பலகையில் பெயரும் பிறந்த நாளும் கிடைக்கும். அதைக் கொண்டு ஸ்குவாட்ரனைக் கண்டுபிடித்து, லண்டனில் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஏர் 27' வரிசையில் அந்த ஸ்குவாட்ரனின் மாதப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். படிவம் 540-இல் அன்றன்றைய சுருக்கம். 541-இல் யார், எந்த விமானத்தில், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கினார் என்பது இருக்கும். பிரிட்டிஷ் எழுத்தர்கள் தட்டச்சு செய்தவை என்பதால் பெயர்களில் கொக்கியும் கோடும் இருக்காது, எழுத்துப்பிழையும் சகஜம். பெயர் கிடைக்கவில்லை என்றால் விமானத்தின் தொடர் எண்ணை வைத்துத் தேடச் சொல்லுங்கள். இறங்கிய நேரக் கட்டம் காலியாக இருந்தால், அதற்கு என்ன பொருள் என்பதை நீங்களே பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்.